மாற்று வேட்பாளர்

ஜூலை 4

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது.

நீங்கள் பதவியை விட்ட செய்தியை நான் எங்கே கேட்டேன் தெரியுமா? நாற்சந்தியில். ஸ்டியரிங், என்னிடம் கார் ஓட்டக் கற்கும் பாங்க் மேனேஜர் அம்மாவின் கையில் இருந்தது. எதிர் டீக்கடை டிவியில் உங்கள் முகம். "உங்க வீட்டுக்காரர் வர்றாரும்மா" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து, முன்னால் போன லாரியை முத்தமிடப் பார்த்தது. நல்ல வேளை, பாடம் நடத்துகிற வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. சபையில் உங்கள் பக்கத்து ஆளுக்கும் அப்படி ஒன்று கொடுத்துவைத்திருக்கலாம்.

சிக்னலுக்காகத்தான் ராஜினாமா என்று டிவியில் சொன்னார்கள். கம்பம் நட்டு, விளக்கு மாட்டி, ஒரு நாள்கூட எரியாமல் காக்கை உட்கார மட்டுமே பயன்படும் நம் நாற்சந்தி சிக்னலுக்காக! அதை எரிய வைக்கச் சொல்லி உங்களை நச்சரித்தவள் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. தினம் மாணவர்களை ஏற்றிக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கிறவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு வாருங்கள் என்றா சொன்னேன்? சொல்லப் போனால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நேற்றிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், கடைசியில் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிடுவோம். ஒன்றும் விளங்காது. ராஜினாமாவை எழுதித்தானே கொடுத்தீர்கள்? எனக்கும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள்?

இப்படிக்கு,
மனைவி (இந்தப் பொறுப்பை விடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான் விடுவேன்)


ஜூலை 10

டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கு,

தலைநகரில் அக்கா வீட்டு மாடி அறையிலிருந்து எழுதுகிறேன். வாஷிங் மெஷினுக்கும் எனக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கும் அறை. அது சுற்றும்போது மேஜையும் சேர்ந்து ஆடுகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் மனம் உடைந்துவிட்டது என்று நினைக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். சிக்னலைப் பற்றிக் கேட்டேன். அமைச்சர் எழுந்து "பரிசீலனையில் உள்ளது" என்றார். அதையே எத்தனை தடவை கேட்பது? மின்சாரத் துறையைக் கேட்டால் போலீஸ் என்கிறார்கள், போலீஸைக் கேட்டால் நெடுஞ்சாலை என்கிறார்கள். இந்தத் தடவை அமைச்சர் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அங்கேயே நாலு வரி எழுதிச் சபாநாயகர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதில் நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சபையில் ராஜினாமா கொடுப்பது ஒரு வழக்கம். நானே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். கட்சிப் பெரியவர்கள் வந்து தோளில் கை போடுவார்கள். டீ வரும். சபாநாயகர் அந்தத் தாளை மடித்து மேஜைக்குள் வைத்துவிடுவார். கேட்ட காரியமும் பாதி நடந்துவிடும்.

நானும் வராந்தாவில் போய் நின்றேன். நின்றேன். வந்தது கேன்டீன் ஆள் ஒருவர்தான். அவரும் பழைய டம்ளரை எடுத்துக்கொண்டு போக வந்தவர். நான் சுயேச்சை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஏது கட்சி, ஏது பெரியவர்? உள்ளே திரும்பிப் போனால் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று வாசித்து முடித்திருந்தார்கள். என் இடத்தில் யாரோ பையை வைத்திருந்தார்.

சிரிக்காதே. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

இப்போது ஊருக்கு வந்தால் டீக்கடையில் என்னைப் பிடித்துக் கிழித்துத் தொங்க விடுவார்கள். கொஞ்சம் ஆறட்டும். எப்படியும் இடைத்தேர்தல் வரும். மறுபடியும் நிற்பேன், ஜெயிப்பேன், தலை நிமிர்ந்து வீட்டுக்கு வருவேன்.

உன்
வீட்டுக்காரன்


செப்டம்பர் 12

வீட்டுக்காரர் அவர்களுக்கு (வீட்டில் இல்லாமலே அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பவருக்கு),

தேர்தல் அறிவித்துவிட்டார்கள், பார்த்திருப்பீர்கள். ஆளுங்கட்சி சார்பில் சிமென்ட் கடைக்காரர் நிற்கிறார். கும்பிட்ட கையை இறக்குவதே இல்லை. நேற்று என் பயிற்சி வண்டியில் இருந்த மாணவரைக்கூடக் கும்பிட்டார். பதிலுக்கு அவரும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

உங்கள் தேர்தல் வேலைகளை எப்போதும் பார்க்கும் சலூன்காரர் இப்போதும் கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு அலைகிறார். வேட்புமனுவை அவரிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் நேரில் வந்து, தேர்தல் அதிகாரி முன்னால் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் கடைசி. கையெழுத்தைச் சலூன்காரர் தூக்கிக்கொண்டு வரலாம், உங்கள் வாயைத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

இன்னொன்று. உங்கள் மனுவில் ஏதாவது கோளாறு என்றால் ஆளே இல்லாமல் போய்விடும், மாற்று வேட்பாளராக ஒருவர் மனு கொடுத்து வைக்க வேண்டும் என்றார் சலூன்காரர். "நீங்களே கொடுங்கம்மா" என்று என் கையில் பேனாவைத் திணித்தார். கொடுத்துவிட்டேன். உறுதிமொழியும் எடுத்தாயிற்று. பேருக்குத்தான். உங்கள் மனுவை ஏற்றுக்கொண்ட மறு நிமிடம் என்னுடையதை வாபஸ் வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்கப் போய்விடுவேன். புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு இடது வலது இரண்டும் ஒன்றுதான்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீங்கள் இருந்தால் பேப்பரை விரித்துப் போட்டு வைப்பீர்கள், நான் திட்டுவேன். இப்போது திட்டுவதற்குக்கூட ஒன்றும் இல்லை.

மனைவி


செப்டம்பர் 15

மாற்று வேட்பாளருக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சலூன்காரர் சும்மா போகவில்லை, அக்காவின் மொட்டை மாடியில் உட்கார வைத்து எனக்கு முடியையும் வெட்டிவிட்டுத்தான் போனார். "வேட்பாளர் பரட்டையா இருந்தா ஓட்டு விழாது" என்றார்.

ஊரில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். "ஒண்ணும் பேசலையே" என்று சொல்லிக்கொண்டே காதை வெட்டப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் பயமாக இருக்கிறது.

இருந்தாலும் வெள்ளிக்கிழமை வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம். மேளதாளம் எதுவும் வேண்டாம். நானே நடந்து அதிகாரியின் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறேன். நீ அங்கே நில்.

நான்


செப்டம்பர் 21

நான் என்று கையெழுத்துப் போட்டவருக்கு,

நின்றேன். நன்றாகவே நின்றேன். காலையில் அலுவலகம் திறந்ததிலிருந்து, பூட்டி சாவியை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் நின்றேன். பஸ் கிடைக்கவில்லையோ, உடம்புக்கு என்னவோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ் கிடைக்காமல் என்ன! கண்டக்டர் என்னிடம் கார் ஓட்டக் கற்றவர்தான். மறுநாள் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நாற்சந்தியில் இறங்கியிருக்கிறீர்கள். எதிர்ச் சுவரில் சிமென்ட் கடைக்காரரின் ஆட்கள் வரைந்திருந்த படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். சிக்னல் கம்பம், அதன் மேல் காக்கை, காக்கைக்கு உங்கள் மூக்குக் கண்ணாடி. பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விட்டீர்கள். வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு தெரு!

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை, உறுதிமொழி எடுக்கவில்லை, மனு தள்ளுபடி. மிஞ்சியது என்னுடையது. நானும் வாபஸ் வாங்கிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பினேன். சலூன்காரர் கதவை மறித்து நின்றுகொண்டார்.

"நீங்களும் போயிட்டா போட்டியே இல்லாம சிமென்ட் கடைக்காரரு ஜெயிச்சிடுவாரும்மா. ஊருக்கு ஒரு நாள்கூட ஓட்டுப் போடுற வேலை இருக்காது."

"எனக்கு அரசியல் என்னங்க தெரியும்?"

"உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

வாபஸ் வாங்கவில்லை. உங்கள் மனைவி இப்போது வேட்பாளர்.

படத்தை நானும் போய்ப் பார்த்தேன். கண்ணாடி அச்சு அசல் உங்களுடையதுதான். கோபம் எல்லாம் இருந்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்களும் பக்கத்தில் இருந்திருந்தால் சேர்ந்து சிரித்திருக்கலாம்.

வேட்பாளர்


செப்டம்பர் 26

வேட்பாளர் அவர்களுக்கு,

என் மனைவியே என் இடத்துக்குப் போட்டி போடுகிறாள் என்று பேப்பரில் படிக்கிற நிலைமை எந்த மனுஷனுக்கும் வரக் கூடாது. எல்லாம் நீயும் சலூன்காரரும் சேர்ந்து போட்ட திட்டமோ என்றுகூட நினைத்தேன். அக்காவிடம் சொன்னேன். "நீ பஸ்ஸைத் திருப்பினதும் அவங்க திட்டமாடா?" என்று கேட்டுவிட்டு, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்த வீட்டில் நீதி இல்லை.

சரி, நிற்பது என்று ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காராதே, உட்கார்ந்தால் அன்றைக்கு அந்த ஒரு வீடுதான். நாய் இருக்கிற வீட்டில் சலூன்காரரை முன்னால் விடு. மைக்கில் உண்மையைக் கொஞ்சமாகப் பேசு. முக்கியமாக, யாராவது குறை சொன்னால் டிரைவிங் ஸ்கூலில் பேசுவதுபோல் "கண்ணாடியைப் பாருங்க" என்று சொல்லிவிடாதே. தண்ணீர் நிறையக் குடி. தொண்டை போய்விடும்.

என்னை மட்டும் கூப்பிடாதே. நான் வந்து பக்கத்தில் நின்றால், உனக்கு விழ வேண்டிய ஓட்டும் விழாது. இதை உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

மனு தள்ளுபடியானவன்


அக்டோபர் 8

என் நல்லதுக்குச் சொல்பவருக்கு,

தொண்டை போய்விட்டது. அதனால் எழுதுவதுதான் வசதி.

எனக்குக் கத்தரிக்கோல் சின்னம் கொடுத்திருக்கிறார்கள். பஸ், கார், சைக்கிள் ஏதாவது கிடைக்கும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். எனக்கு ஒரு பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது. சந்தோஷப்பட்டது சலூன்காரர் மட்டும்தான், தன் தொழிலுக்கே மரியாதை கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்.

பாதி ஊர் என்னிடம் வண்டி கற்றது. பாஸ் ஆனவர்கள் வாசலுக்கு வந்து வரவேற்கிறார்கள். ஃபெயில் ஆனவர்கள் உள்ளே இருந்துகொண்டு வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். "கார் ஓட்டத் தெரிஞ்சா போதுமா, நாட்டை ஓட்டத் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார். "நாலு பேரு உயிரைக் கையில வச்சுக்கிட்டு, தெரியாதவங்க கையில ஸ்டியரிங்கைக் கொடுத்துட்டுப் பக்கத்துல உக்காருறேன். உங்களால முடியுமா?" என்றேன். பிறகு டீ கொடுத்தார். உட்காரவில்லை, நின்றுகொண்டே குடித்தேன்.

இப்போது பெரிய செய்தி. சிக்னல் எரிகிறது!

நேற்று சாயங்காலம் அதிகாரிகள் கூட்டமாக வந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இத்தனை நாள் அதற்குத்தான் பரிசீலனை. சிமென்ட் கடைக்காரர் சுவிட்சைப் போட்டார், தேர்தல் நேரத்தில் இது கூடாது என்று யார் கேட்பது? சிவப்பு, மஞ்சள், பச்சை. ஊரே நின்று கை தட்டியது. நானும் தட்டினேன், தட்டாமல் எப்படி இருப்பது? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சாலையை ஓடாமல் நடந்து கடந்ததைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் ராஜினாமாவால் வந்த தேர்தல், அந்தத் தேர்தலால் வந்த வெளிச்சம். இதை மைக்கில் சொன்னால் எதிரணியினர் சிரிக்கிறார்கள். நான் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்டேனோ அதை அவர்கள் எரியவிட்டுவிட்டார்கள்.

அதைக்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. எந்த வாசலுக்குப் போனாலும், "அவரு எங்கம்மா?" என்கிறார்கள். கோபமாகக் கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். சாதாரணமாகக் கேட்கிறார்கள். நேற்று பாங்க் மேனேஜர் அம்மாவே கேட்டார், "உங்களுக்கு ஓட்டுப் போடலாம், ஆனா அவரே உங்க பக்கத்துல நிக்கலன்னா நாங்க ஏன் நிக்கணும்?" நான் என்ன சொல்வேன்? வெட்கப்பட்டுக்கொண்டு அக்கா வீட்டு மாடியில் இருக்கிறார் என்றா?

தோற்றால் தோற்கிறேன். எனக்கு வண்டி இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நீங்கள் வந்து கதவைத் தட்டினால், அதற்குப் பிறகு நம்மால் பழையபடி இருக்க முடியாது என்று தோன்றுகிறது. எனக்கு நீங்கள் பகலில் வர வேண்டும். எல்லோரும் பார்க்க வர வேண்டும். நீங்கள் இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினேழாம் தேதி சாயங்காலத்தோடு பிரசாரம் முடிகிறது. நாற்சந்தியில்தான் கடைசிக் கூட்டம்.

சபையை விட்டீர்கள், தெரியும். ஊரையும் விட்டீர்களா? என்னையுமா? எழுதியே பதில் சொல்லுங்கள்.

உங்கள்
மனைவி


அக்டோபர் 16

என் மனைவிக்கு,

சிக்னல் எரிகிறதா! அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "அப்ப நீ முட்டாள்தனமா செஞ்சது வீணாப் போகலை" என்றாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலைந்து தாளைக் கிழித்துவிட்டேன். எதை எழுதினாலும் மேடையில் பேசுவதுபோல இருக்கிறது. இல்லை. உன்னை விடவில்லை. ஊரையும் விடவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன். வரவில்லை என்றால் இதை நீ எடுத்து வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டலாம்.

நான்


நவம்பர் 3

வீட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வாஷிங் மெஷினின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உறுப்பினர் விடுதியில் அறை தயாராக இன்னும் சில நாள் ஆகுமாம், அது வரை உங்கள் அக்கா விடமாட்டேன் என்கிறார். என் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவதே இல்லை.

இன்று பதவி ஏற்றேன். உங்கள் அமைச்சர் வந்து வாழ்த்துச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி அவசரப்பட மாட்டீங்களே?" என்று சிரித்தார். "அவரு அவசரப்பட்டதாலதாங்க எங்க ஊர்ல வெளிச்சம் வந்துச்சு" என்றேன். சிரிப்பு பாதியில் நின்றது. கேன்டீன்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, எனக்கு டீயைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கிருந்த களேபரத்தில் கேட்க நேரமே இல்லை. கடைசி நாள் மத்தியானமே பஸ் வந்துவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார். நீங்கள் மேடைக்கு வந்தது சாயங்காலம், கூட்டம் முடியப்போகும் நேரத்தில். வந்த கோலம் வேறு! முழங்கால் வரை சேறு, சட்டையில் சேறு, கண்ணாடியில்கூடச் சேறு. மைக்கைப் பிடித்து, "எனக்குப் போட்ட மாதிரியே இவங்களுக்கும் போடுங்க, இவங்க உங்களைக் கேக்காம எதையும் விட மாட்டாங்க" என்றீர்கள். ஊர் சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு அழுகை வந்தது.

நடுவில் எங்கே போயிருந்தீர்கள்? மறுபடியும் திரும்பிப் போகப் பார்த்தீர்களா? உண்மையைச் சொன்னால் கோபப்பட மாட்டேன்.

உங்கள்
உறுப்பினர்


நவம்பர் 9

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

பார்த்தேன். உண்மையைச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது சிக்னலில் சிவப்பு. நாலு பக்கமும் வண்டியை நிறுத்திக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது, வேடிக்கை பார்ப்பதற்கென்றே நிறுத்தி வைத்ததுபோல. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு ஆட்டோவில் யாரோ சிரித்தார்கள். எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிறதா என்று கண் தானாகத் தேடியது. நின்றது. ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன்.

அப்போது ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் காய்கறி விற்கும் அம்மா.

"எங்க போனீங்க இத்தனை நாளா? எங்க தெருவுல குழாய் உடைஞ்சு கிடக்கு, கேக்க ஆளில்ல."

"நான் இப்போ உறுப்பினர் இல்லம்மா. ராஜினாமா பண்ணிட்டேன்."

"அதெல்லாம் உங்க ஆபீஸ் விவகாரம். நீங்க வந்து குழாயைப் பாருங்க."

கையை விடவே இல்லை. இழுத்துக்கொண்டு போய்விட்டார். தெருவில் கால் வைத்த இடமெல்லாம் சேறு. குனிந்து குழாயைப் பார்த்தேன், வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தெரு முழுக்கச் சிரித்தது. வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு அவர்களே கையைக் கொடுத்துத் தூக்கினார்கள், ஒருவர் நாற்காலி போட்டார், இன்னொருவர் துண்டைக் கொடுத்தார், தங்கள் வீட்டுக் குறைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எதற்குப் பயந்து மூன்று மாதத்துக்கு மேல் மாடியில் ஒளிந்துகொண்டிருந்தேனோ, அது நடந்து முடிந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. எல்லாக் குறைகளையும் கேட்டு முடிக்கத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது.

நீ கிளம்பிய மறுநாளிலிருந்து அந்தக் குழாய்க்காகக் குடிநீர் அலுவலகத்துக்கு நடந்தேன். "எந்த ஹோதாவுல வந்திருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டார். "அந்தச் சேத்துல விழுந்தவன்ங்கிற ஹோதாவுல" என்றேன். ராஜினாமா எதுவும் எழுதவில்லை, கத்தவும் இல்லை. தினம் போய் எதிரில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கே அலுத்துவிட்டது. நேற்று ஆள் அனுப்பிச் சரி செய்துவிட்டார்.

இன்று காலை அந்த அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். கை நிறையக் காய்கறி. வேண்டாம் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"இதுக்காகத்தான் இந்தத் தடவையும் உங்களுக்கே போட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தச் சின்னத்துலம்மா போட்டீங்க?"

"கத்தரிக்கோல்லதான். வேற எதுல போடுவேன்?"

நின்றது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே உறுப்பினர் அவர்களே, உங்களுக்கு விழுந்த ஓட்டில் ஒன்று என்னுடையது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உன்
வீட்டுக்காரன்